500 டன் குளிர்பதனக் கிடங்கு கட்டலாமா?

நீங்கள் கேட்டது இது: ஒட்டன்சத்திரம் பக்கம் முந்நூறு விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறீர்கள். தக்காளி, கத்தரி, முருங்கை, சின்ன வெங்காயம் விளைகிறது. வரத்து கூடும்போதெல்லாம் தக்காளியை மார்க்கெட் வாசலிலேயே கொட்டிவிட்டு வர வேண்டியிருக்கிறது. மானியம் கிடைக்கும் என்பதால் 500 டன் கொள்ளளவில் குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்டலாமா?

கட்ட வேண்டாம் என்பதே என் பதில். குளிர்பதனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 500 டன் வேண்டாம், தக்காளியை நம்பி வேண்டாம், இந்த வருஷம் வேண்டாம். காரணத்தைத் தக்காளியிலிருந்தே தொடங்குகிறேன்.

நன்றாக முற்றி, இன்னும் நிறம் மாறத் தொடங்காத தக்காளியை 13 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். எல்லாம் சரியாக நடந்தால் மூன்று வாரம். சிவந்த பழம் என்றால் ஒரு வாரம், பத்து நாள். இன்னும் குளிரூட்டினால் இன்னும் அதிக நாள் இருக்குமே என்று தோன்றும். இருக்காது. பச்சைக் காயை 5 டிகிரியில் சில நாள் வைத்து வெளியே எடுத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது. திட்டுத் திட்டாக நிறம் ஏறும், தோல் குழி விழும், அழுகல் பிடிக்கும். வாழையும் இப்படித்தான். 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துவிடும். வெப்பநாட்டுப் பயிர்கள் பலவற்றுக்கும் அதிகக் குளிர் ஒரு காயம்.

இப்போது விலைச் சரிவு எத்தனை நாள் நீடிக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் ஒரே மழைக்கு நட்டால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய்க்கும். தக்காளியில் ஒரே பறிப்போடு வேலை முடிவதும் இல்லை. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே 14 கிலோ பெட்டி அடிமட்ட விலைக்கு விழுந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட எழாமல் கிடக்கும். நீங்கள் இரண்டு வாரம் குளிரில் வைத்து எடுத்து வரும் பெட்டி, அதே விழுந்த விலையில், அன்று காலை பறித்த பெட்டியின் பக்கத்தில் போய் உட்காரும். கிடங்குச் செலவு உங்கள் தலையில் ஏறியிருக்கும். கமிஷன் மண்டிக்காரர் எந்தப் பெட்டியை முதலில் ஏலம் விடுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

கிடங்கு கட்டிப் பிழைத்த பயிர் உருளைக்கிழங்கு. ஆக்ரா வட்டாரத்தில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிய கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் வைத்து அக்டோபர், நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறார்கள். எட்டு மாதம் தாங்கும் பொருள், வருஷத்துக்கு ஒரே பெரிய அறுவடை, இடைப்பட்ட மாதங்களில் விலை ஏற வாய்ப்பு என எல்லாம் பொருந்தி வருகிறது. இந்தியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள், கிட்டத்தட்ட 4 கோடி டன் கொள்ளளவு என்று கணக்குச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் உருளைக்கிழங்கை நம்பி எழுந்தது. தொகையைப் பார்த்து நாட்டின் காய்கறிக்கெல்லாம் இடம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

அங்கேயும் கிடங்கு விலையைக் காப்பாற்றிவிடுவதில்லை. 2017இல் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோது, விற்றால் கிடைக்கும் பணம் கிடங்கு வாடகைக்கே போதாது என்று பல விவசாயிகள் கிழங்கை எடுக்கவே வரவில்லை. 2018 ஜனவரியில் லக்னோ வீதிகளில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கைக் கொட்டிப் போராடினார்கள்.

நம் மாநிலத்தில் தனியார் கிடங்குகளில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். நிறம் கறுக்காமல் இருக்கப் புளி, சிவப்பு மங்காமல் இருக்க மிளகாய் வற்றல், வண்டு விழாமல் இருக்கப் பருப்பு. ஆந்திரத்தின் குண்டூரில் மிளகாய்க்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கிடங்குகள் இருக்கின்றன. இவை மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வியாபாரிகளின் சரக்கு. வாடகை ஒழுங்காக வரும். காய்கறிக்கென்று மானியம் வாங்கிக் கட்டியவர்களும் கடைசியில் அந்தப் பக்கமே சாய்கிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. நீங்கள் 500 டன் கட்டினாலும் மூன்றாம் வருஷம் அதில் புளிதான் இருக்கும். புளி வியாபாரம் தவறில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதைப் பற்றி அல்லவே.

அடுத்தது இழப்புக் கணக்கு. மேடைகளில் 'விளைந்ததில் 40 சதவீதம் வீணாகிறது' என்று சொல்லாதவர்கள் இல்லை. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பழம் காய்கறிகளில் இழப்பு பயிருக்குத் தக்கபடி 4.58 முதல் 15.88 சதவீதம் வரை என்று வந்தது. அதிகபட்சம் கொய்யாவுக்கு. தக்காளிக்கு 12.44 சதவீதம். இது சின்னத் தொகை இல்லை. ஆனால் 40 சதவீதத்தை மனதில் வைத்து வங்கியில் திட்ட அறிக்கை கொடுத்தால், சேமிக்கப்போவதாக எழுதிய வருமானத்தில் பாதிக்கு மேல் வெறும் காகிதத்தில்தான் இருக்கும். இந்த இழப்பு நடக்கும் இடங்களும் முக்கியம்: பறிக்கும்போது, கொட்டித் தரம் பிரிக்கும்போது, ஏற்றி இறக்கும்போது, லாரியில் குலுங்கும்போது என்று கணிசமான பங்கு கிடங்கு வாசலுக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. நசுங்கிய பழத்தைக் குளிரில் வைத்தால் அது கொஞ்சம் மெதுவாக அழுகும், அவ்வளவுதான்.

தேசியக் குளிர்பதனச் சங்கிலி மேம்பாட்டு மையம், நபார்டின் ஆலோசனை நிறுவனத்தோடு சேர்ந்து 2015இல் ஒரு மதிப்பீடு செய்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் காசு போடும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டியது அதில் உள்ள ஓர் அட்டவணையைத்தான். நாட்டுக்குத் தேவையான கிடங்குக் கொள்ளளவு 3.5 கோடி டன் அளவு, இருந்தது கிட்டத்தட்ட 3.2 கோடி. பற்றாக்குறை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரம் பிரித்து, கழுவி, பெட்டியில் அடுக்கி, முன்குளிர்வித்து (காயில் உள்ள வயற்காட்டுச் சூட்டை லாரி ஏறும் முன்பே இறக்கி) அனுப்பும் நவீன சிப்பம் கட்டும் கூடங்கள் 70,080 தேவை, இருந்தவை 249. பழுக்க வைக்கும் அறைகள் 9,131 தேவை, இருந்தவை 812. குளிரூட்டப்பட்ட வண்டிகள் அறுபதாயிரத்துக்கு மேல் தேவை. இருந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு. அதாவது சங்கிலியின் நடுக்கண்ணியை மட்டும் வரிசையாகச் செய்து குவித்துவிட்டு இரண்டு முனைகளையும் விட்டுவிட்டோம். மானியமும் நெடுங்காலம் நடுக்கண்ணிக்கே போய்க்கொண்டிருந்தது. பெரிய கட்டடம் புகைப்படத்தில் நன்றாக விழும்.

முன்குளிர்வித்தல் என்பதைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோ தக்காளியை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 4 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். பதினொரு மணி வெயிலில் பறித்த 5 டன் காய், உள்வெப்பம் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 13 டிகிரிக்குக் கொண்டுவர 5,000 கிலோ, 19 டிகிரி, 4 கிலோஜூல் மூன்றையும் பெருக்கினால் 3,80,000 கிலோஜூல், அதாவது 105 கிலோவாட் மணி வெப்பம். ஆறு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் காய்க்கு மட்டுமே 5 டன் திறனுள்ள குளிர்பதன இயந்திரம் தேவை (இந்த டன் எடை அல்ல, ஏசிக்குச் சொல்லும் குளிர்விக்கும் திறன்); வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி மூன்றுக்கு மேல். சுவர் வழியாக வரும் சூடு, கதவைத் திறக்கும்போது வரும் சூடு, மின்விசிறியின் சூடு, காய் மூச்சுவிடுவதால் வரும் சூடு எல்லாம் இதற்கு மேல். மின்சாரம் நாற்பது யூனிட்டுக்குக் குறையாது. இப்போது அதே காயைக் காலை ஆறு மணிக்கு, உள்வெப்பம் 24 டிகிரியாக இருக்கும்போது பறித்து நிழலில் வைத்திருந்தால்? குறைக்க வேண்டியது 11 டிகிரிதான். இயந்திரத்தின் சுமை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது, ஒரு பைசா முதலீடு இல்லாமல்.

விற்பனையாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. '5 டன் கொள்ளும் அறை' என்பார்கள். 5 டன் கொள்ளும் என்பதும் ஒரே நாளில் 5 டன் சூட்டுக் காயைக் குளிர்விக்கும் என்பதும் வேறு வேறு. ஏற்கெனவே குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்க மட்டும் கணக்கிட்ட இயந்திரத்தின் முன்னால் வயற்காட்டுச் சூட்டோடு மூட்டைகளை அடுக்கினால், சுவரில் உள்ள காட்டி 13 என்று சொல்லும்; நடுப்பெட்டியில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் மறுநாள் காலையிலும் 25க்குக் குறைந்திருக்காது. காய்கறியின் மூச்சு வேகம் பத்து டிகிரிக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறும். அந்த ஓர் இரவில் போன ஆயுளைப் பிறகு எந்தக் குளிரும் திருப்பித் தராது. ஆகவே இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாளில் எத்தனை கிலோ, எத்தனை டிகிரியில் உள்ளே வரும், எத்தனை மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்ற மூன்று எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்குளிர்விக்கப் பெரிய தொழில்நுட்பம்கூட வேண்டாம்: பக்கவாட்டில் துளையுள்ள கிரேட்களை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, ஒரு முனையில் காற்றை உறிஞ்சும் மின்விசிறி வைத்தால் குளிர்காற்று பெட்டிகளின் ஊடாகப் போகும். இயந்திரத்துக்குத் திறன் போதுமானால், சும்மா அடுக்கி வைத்தால் அரை நாளுக்கு மேல் இழுக்கும் வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும்.

இதை ஒழுங்காகச் செய்பவர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் வளைகுடாவுக்குக் கப்பலில் வாழை அனுப்பும் இடங்களைப் போய்ப் பாருங்கள். தாரைத் தரையில் படாமல் சுமந்து வருகிறார்கள். சீப்புச் சீப்பாக வெட்டி, வெட்டிய இடத்தில் வடியும் பாலைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவுகிறார்கள். 13 கிலோ பெட்டியில் அடுக்கி, முன்குளிர்விக்கும் அறையில் 13, 14 டிகிரிக்கு இறக்கி, அதே குளிரோடு கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள். அங்கே வாழை கிடங்கில் 'சேமிக்கப்படுவது' இல்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. வாங்குபவர் யார், எந்தத் தேதியில் கப்பல் என்பது தாரை வெட்டும் முன்பே முடிவாகிவிட்டது.

பாலும் அப்படித்தான். பாலைவிடச் சீக்கிரம் கெடும் பொருள் கிராமத்தில் வேறு என்ன இருக்கிறது? 1946இல் குஜராத்தில் கெடா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் (இன்றைய அமுல்) தொடங்கியதிலிருந்து வளர்ந்த அந்த முறையில் இன்று ஊர்ச் சங்கத்திலேயே குளிர்விக்கும் தொட்டி வைத்து, கறந்த சில மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்கள். கொழுப்பை அளந்து விலை. தினமும் ஒரே வாங்குபவர். குளிர் கிராமத்து முனையில் தொடங்கியதும் வாங்குபவர் நிச்சயமாக இருந்ததும் சேர்ந்துதான் அது நின்றது. காய்கறியில் இந்த இரண்டும் இல்லாமல் நடுவில் ஒரு கிடங்கை மட்டும் நிறுத்தப் பார்க்கிறோம்.

மற்ற வளரும் நாடுகளில் எது ஓடியது என்றும் பார்க்கலாம். நைஜீரியாவில் வடக்கே கானோ பக்கம் விளையும் தக்காளி தெற்கே லாகோஸுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் போகிறது; காலங்காலமாக ரஃபியா பனை நாரில் முடைந்த கூடைகளில், ஒன்றன் மேல் ஒன்றாக. அடிக்கூடை சாறாகிவிடும். அந்த நாட்டில் இன்னெமேகா இகெக்வோனு என்பவர் தொடங்கிய கோல்டுஹப்ஸ் நிறுவனம் சந்தைகளிலும் பண்ணைகளிலும் சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறு அறைகளை நிறுவியது. ஓர் அறை 3 டன் அளவுதான். விவசாயியும் சில்லறை வியாபாரியும் அறையை வாங்க வேண்டியதில்லை. ஆரம்ப ஆண்டுகளில் 20 கிலோ கிரேட் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 நைரா கொடுத்தால் போதும். இதில் நான் கவனித்தது சூரியத் தகட்டைவிடக் கிரேட்டை. கூடையில் வந்த காயைத் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாற்றித்தான் உள்ளே விடுகிறார்கள். நசுங்குவது குறைந்ததிலேயே பாதிப் பலன் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்னொன்று: அறை சந்தையில் இருப்பதால் மாலை மீந்ததை அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் மறுநாள் காலை விற்கலாம். ஒரு நாள், இரண்டு நாள் பேரம் பேசும் தெம்பு. தக்காளிக்குக் குளிர் தரக்கூடியது அதுதான், அதற்கு 3 டன், 5 டன் போதும்.

மலிவான வழிகளும் உண்டு, வரம்போடு. சாதாரண ஜன்னல் ஏசி 16 டிகிரியோடு நின்றுவிடும். அதன் உணரியை ஏமாற்றி இன்னும் கீழே இறக்கும் கூல்பாட் என்ற கருவியை அமெரிக்க விவசாயி ரான் கோஸ்லா உருவாக்கினார். நன்றாக வெப்பக்காப்பு செய்த சிறிய அறைக்கு அது பொருந்தும். முன்குளிர்விக்கும் வேலைக்கு அதன் மூச்சு போதாது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எண்பதுகளில் கொடுத்த மின்சாரமில்லாக் குளிர் அறை, இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவே ஈர மணல் நிரப்பியது. வறண்ட காற்று உள்ள இடத்தில், கோடையில், கத்தரியையும் கீரையையும் வாடாமல் வைக்க அருமையானது. கடலோரப் புழுக்கத்தில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் ஈரம் ஆவியானால்தான் அது குளிரும். உங்கள் ஊர்க் காற்றுக்கு வருஷத்தில் சில மாதம் உதவும். ஒவ்வொரு உறுப்பினரின் வயலிலும் ஒன்று இருந்தால் மாலையில் பறித்த கத்தரி காலை லாரி வரும் வரை மினுமினுப்புக் குறையாமல் இருக்கும்.

சின்ன வெங்காயத்தைக் குளிர் அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈரப்பதம் கூடிய அறையில் அது வேர் விடும். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் தோலில் வேர்வை பிடித்து, சில நாளில் முளைக்கவோ அழுகவோ செய்யும். பெரம்பலூர் விவசாயிகள் போடும் பட்டறையே அதற்குச் சரி: கல் வைத்து உயர்த்திய தளம், காற்று புகும் ஒடுக்கமான நீள அமைப்பு, மேலே கீற்று. நன்றாகக் காய்ந்த வெங்காயம் அதில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். விலைக்காகக் காத்திருக்கும் வசதி உங்கள் பயிர்களில் இதற்குத்தான் உண்டு, அதற்கு மின்சாரமே வேண்டாம். இதைக் கொஞ்சம் மேம்படுத்தி, கூரையில் காற்றுச் சுழலி வைத்துக் கட்டவும் மானியம் இருக்கிறது.

ஆக, உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த வரிசையில் போவேன். முதல் வருஷம் சிப்பம் கட்டும் கூடம், கிரேட்கள், ஊசி வெப்பமானி இரண்டு. தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வரையறையில் 9 மீட்டருக்கு 6 மீட்டர் கூடத்துக்கு 4 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு அதில் பாதி மானியம் தந்தார்கள். வரையறைகள் பிறகு திருத்தப்பட்டிருக்கின்றன, மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் இன்றைய தொகையைக் கேளுங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி பெரும்பாலும் கேரளத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு மொத்த வியாபாரிகளையோ ஒரு சூப்பர் மார்க்கெட் கொள்முதல் ஆளையோ பிடித்து, தரம் பிரித்த காய்க்கு என்ன விலை கூடுதலாகத் தருவார் என்று பேசி முடிவுசெய்யுங்கள். அவர் கூடுதலாக ஒன்றும் தரமாட்டார் என்றால் குளிரில் போடும் காசு திரும்பாது. அதைக் கட்டுமானத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் வருஷம், ஒரே பெரிய கூடமாக இல்லாமல் இரண்டு மூன்று சிறு அறைகள், மொத்தம் 10 டன் அளவில், முன்குளிர்விக்கும் வசதியோடு. தனித்தனி அறை ஏன் என்றால் தக்காளிக்கும் கத்தரிக்கும் வேண்டிய குளிர் கீரைக்கு வேண்டியதோடு ஒத்துவராது. பழுக்கும் தக்காளியும் வாழையும் விடும் எத்திலீன் என்ற பழுக்க வைக்கும் வாயு பக்கத்தில் உள்ள கீரையை மஞ்சளாக்கும், கத்தரிக் காம்பை உதிர்க்கும். அறை நிறையாத மாதங்களில் ஒன்றை வாழை பழுக்க வைக்கும் அறையாக மாற்றி வாடகைக்கு விடலாம். கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை வரம்புக்குள் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. சுற்றுவட்ட வாழைக்கடைகள் எல்லாம் தேடி வரும். எனக்குத் தெரிந்து சிறு நிறுவனங்களுக்கு மாதா மாதம் நிச்சயமாகப் பணம் தரும் குளிர் வேலை இது ஒன்றுதான்.

மின்சாரத்தைப் பற்றி: பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தை அறைக்குத் திருப்பக் கூடாது, தனி இணைப்பு வேண்டும். சூரியத் தகடு வைப்பதானால் பேட்டரியில் காசைக் கொட்டாமல், பகலில் குளிரை உறையவைத்துச் சேமித்து இரவில் விடும் வகையைப் பாருங்கள். புனேவின் இகோசென் போன்ற நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. பழுது பார்க்கும் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை விலையைவிட முதலில் கேளுங்கள்.

கடனுக்கு 2020இல் தொடங்கிய வேளாண் கட்டமைப்பு நிதி இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை. மானியம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்தான், அதுவும் பெரும்பாலும் கட்டி முடித்த பிறகு. மாதாந்திர மின்கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் யாரும் மானியம் தரமாட்டார்கள். ஆகவே முதல் சீசன் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பறித்த நேரம், பறித்தபோது உள்வெப்பம், லாரி ஏறிய நேரம், கழிவு எத்தனை கிலோ, தரம் பிரித்த பெட்டிக்கும் பிரிக்காத பெட்டிக்கும் அன்று மண்டியில் கிடைத்த விலை. எத்தனை டன் அறை வேண்டும் என்பதை அந்த நோட்டை வைத்துக் கணக்கிடலாம். வங்கி மேலாளரும் திட்ட அறிக்கையைவிட அதைத்தான் ஆர்வமாகப் புரட்டுவார். சீசன் முடிந்ததும் அந்த எண்களோடு எழுதுங்கள், இயந்திரத்தின் அளவைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.